இருபத்தேழு கிலோ

இசக்கியின் மேல்சட்டை நடுவீட்டுக் கதவில் தொங்குகிறது. மறந்துவிட்டுப் போனாளோ, எடுக்க வந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டுப் போனாளோ, தெரியவில்லை. மடித்து வைக்கலாம் என்று பக்கத்தில் போனேன். அந்த விமான எண்ணெய் வாசனை அடித்தது. மோட்டார் சைக்கிள் பெட்ரோல் வாசனை இல்லை. அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக, மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி, உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அது. எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை என்று உன் வீட்டுக்காரி புலம்புவாளே, அதேதான். ஐம்பத்தெட்டு வயதில், கைலியும் பனியனுமாக, மகள் சட்டையை முகர்ந்துகொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். அவளும் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

விஷயம் இதுதான். நீ 'பைய சொல்லு' என்று என்னிடம் விட்ட காரியத்தை முந்தாநாள் இசக்கியிடம் சொல்லிவிட்டேன். எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. பைய என்றால் இம்புட்டுப் பையவா என்று நீ கேட்பாய். கேட்க நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பந்தல் ரசீதுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லாத கை இது. எழுத்து அங்கங்கே சாய்ந்து போனால் கண்டுகொள்ளாதே. பத்தாம் வகுப்பில் என் பேப்பரைப் பார்த்து எழுதி நீயும் கணக்கில் பெயிலாகிப் போனவன்தானே.

எட்டு வருஷத்துக்கு முந்திய அந்தத் தை மாதம் நீ என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. முகூர்த்த நேரம். கடை முழுக்கப் பந்தல் துணி மலையாகக் கிடந்தது. நீ அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாய்.

"லே, இந்தூர் வரைக்கும் வாரியா?"

"அங்கன எனக்கு என்ன சோலி?"

"ஒரு சோலியும் கிடையாது. சும்மா உக்காந்து வரணும். அதுக்கு உன்னை விட்டா நாட்டுல ஆள் இல்ல."

நீ ஓட்டிக்கொண்டிருந்த அந்த ஆறு பேர் உட்காரும் சின்ன விமானத்தை, இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு இன்ஜின் வைத்ததை, பெரிய பராமரிப்புக்காக இந்தூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்னால் நீயும் மலையாளி மெக்கானிக்கும். பின்னால் யாரும் இல்லை. அப்படிப் போனால் தலை கனத்துவிடும், வால் பக்கம் ஒரு பாரம் வேண்டும் என்றாய். வழக்கமாக மணல் மூட்டையைக் கட்டிப் போடுவீர்களாம்.

"மணல் மூட்டை பேசாது. போற வழியெல்லாம் அதோட என்னத்தப் பேச? எங்க அப்பா உவரியில இருந்து தோணிய வெறுமன எடுத்தா அடியில கல்லு ஏத்துவாரு. அடிபாரம் இல்லாம கடல்ல போகக் கூடாதும்பாரு. நீ வா. நீதான் என் அடிபாரம்."

பள்ளிக்கூடத்திலிருந்து அன்றுவரைக்கும் எந்த வேலைக்கும் என்னைப் பொருத்தமானவன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எடை எம்புட்டுலே?" என்று கேட்டாய்.

"எழுவத்தெட்டு" என்றேன்.

அது என் கல்யாணத்தன்று இருந்த எடை. அதன்பிறகு நான் நிறுத்துப் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் அது உண்மைதானே என்ற எண்ணம். நீ பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டாய்.

அப்போது என் சட்டைப் பையில் இன்னொன்று இருந்தது. இசக்கி விமானப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கிறுக்கைப் பிடிக்கவைத்தவனும் நீதான், எந்தப் பள்ளி நல்லது என்று சொல்லி எழுதிப் போடவைத்தவனும் நீதான். அவளிடம் போன் கிடையாது, என் நம்பரைக் கொடுத்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி இங்கிலீஷில் மெசேஜ் என் போனுக்கு வந்திருந்தது. என் இங்கிலீஷுக்கே புரிகிற அளவுக்குத்தான் இருந்தது: வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அப்பா, ஏதும் வந்துச்சா?" என்று கேட்பாள். "ஒண்ணும் வரல தாயி" என்பேன்.

பொம்பளைப் பிள்ளை என்பதற்காக இல்லை. அதை நீ நம்ப வேண்டும். என்னிடம் பந்தல் கட்டிய மாடசாமி ஒரு கல்யாண வீட்டில் முப்பதடி மூங்கில் உச்சியிலிருந்து விழுந்தபோது நான் கீழேதான் நின்றேன். விழுந்த சத்தத்தைக் கேட்டவன் நான். இன்றைக்கும் அவன் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். என் பிள்ளை முப்பதாயிரம் அடிக்குப் போகப் போகிறேன் என்றதும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. மறைத்தேன். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறினோம். வெறுங்கையோடு ஊர் விட்டு ஊர் போகக் கூடாதே. இந்தூர்க்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ராதாபுரத்திலிருந்து இரண்டு ஓலைக் கொட்டான் கருப்பட்டி வாங்கி, பழைய பந்தல் துணியில் சுற்றி, கடைசி சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டேன். நீ பார்க்கவில்லை. "பை ஒண்ணுதானே?" என்று கேட்டாய். "ஒண்ணுதான்" என்றேன். பை ஒன்றுதான். கொட்டான் பையில் சேராது.

ஓடுபாதையில் வண்டி வேகம் எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு இருட்டுக்கடை அல்வா வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். திடீரென்று முன்பக்கம் தூக்கியது. உன் தோள் அசைந்ததும், நீ கையை முன்னால் தள்ளியதும் தெரிந்தது. அதுதான் பறப்பது என்று நினைத்தேன். சற்று மேலே போனதும் காதில் மாட்டியிருந்த கருவியில் உன் குரல் வந்தது.

"லே, நெசமாச் சொல்லு. எழுவத்தெட்டுதானா?"

"காலையில இட்லி ரெண்டு கூட."

"நான் தூக்குததுக்கு முந்தியே மூக்கு தூக்குது. என்னமோ இடிக்குதே."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதில் மும்முரமானேன்.

அந்தப் பார்வையை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். நம் ஆறு வெள்ளித் தகடு மாதிரி வளைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பிசான நெற்பயிர். எண்ண முடியாத குளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன். பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் குண்டூசி அளவுக்கு நின்றது. அதற்குத் தெற்கே ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே நீலமும் வெள்ளையுமாக ஒரு சதுரம்.

"அது என் பந்தல்!" என்று கத்தினேன். மெக்கானிக் திடுக்கிட்டு முழித்துவிட்டார்.

முப்பது வருஷமாக அந்தத் துணியைக் கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்தவன் நான். மேலேயிருந்து அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. ஆனால் கிழக்கு மூலை தொங்கியது. "வலது மூலைக் கயிறை இழுத்துக் கட்டலை, பாரு. சோம்பேறிப் பயலுவ" என்றேன். நீ சிரித்தாய். எனக்காக இறக்கையைச் சாய்த்து ஒரு அரை வட்டம் போட்டாய். அப்புறம் வலதுபக்கம் திரும்பினோம். கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக் கொட்டகைகள் தீப்பெட்டிகளாகி மறைந்தன. இடதுபக்கம் மலை கூடவே வந்தது. ஒரு மணி நேரத்தில் மலைக்கு மேலேயே போனோம். பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். நீ 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டினாய். நம் வயதில் இரண்டு பேர் அவ்வளவு நேரம் தனியாகப் பேசுவது எங்கே கிடைக்கிறது? எனக்கு அந்த மூன்று மணி நேரம் வேண்டும் இப்போது. அவ்வளவு கூட வேண்டாம், மலை தாண்டுகிறவரைக்கும் போதும்.

ஹூப்ளியில் எண்ணெய் போட இறங்கினோம். இறங்கியதும் நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டி நிறுக்கிற தராசில் ஏற்றினாய்.

"ஏறுலே."

"எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். பின்னால ஒளிச்சு வச்சிருக்கியே துணிமூட்டை, அதையும் எடுத்துட்டு வா."

கருப்பட்டிக் கொட்டான்களை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு நான் தராசில் நின்றேன். நூற்று ஐந்து காட்டியது. மெக்கானிக் குனிந்து நம்பரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஆளா, லோடா?" என்றார். தராசுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"இருபத்தேழு கிலோ" என்றாய். "வாலுல இருபத்தேழு கிலோ பொய்யைக் கட்டிக்கிட்டு மலையைத் தாண்டிருக்கேன்."

"கூடுதல்னு சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டியோன்னு நெனச்சேன்."

"கூடுதலா இருந்தா நான் பாத்துக்கிடுவேன்லே. கொஞ்சம் முன்ன நகத்துவேன், கொஞ்சம் எண்ணெயைக் குறைப்பேன், அதுக்கெல்லாம் வழி இருக்கு. சொல்லாம இருந்தா நான் என்ன செய்ய?"

பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "வேற எதும் மறைச்சு வச்சிருக்கியா? இப்பமே சொல்லிரு" என்றாய். நீ கேட்டது சாமானைத்தான். எனக்குத் தெரியும். ஆனால் என் கை சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்து உன்னிடம் நீட்டினேன்.

நீ படித்தாய். இரண்டு தடவை படித்தாய். விமானத்தின் இறக்கை நிழலுக்கு நடந்துபோனாய், நானும் கொட்டான்களோடு பின்னாலேயே வந்தேன்.

"எப்பம் வந்துச்சு?"

"ஒம்பது நாளாச்சு."

"இசக்கிக்குத் தெரியுமா?"

"இல்ல."

"வீட்டுல?"

"இல்ல."

"நாளன்னிக்குக் காலையில லே!"

நீ திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். உன் போனை எடுத்து என் வீட்டுக்குப் போட்டாய். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, இசக்கிதான் எடுத்தாள்.

"தாயி, மாமா பேசுதேன். மாமா ஒரு தப்புப் பண்ணிட்டேன். உன் இன்டர்வியூ தேதிய என்ட்டத்தான் சொன்னாவ. வேலையில மறந்தே போயிட்டேன். வியாழக்கிழமை காலையில. சாயங்காலம் பஸ் இருக்கு, அம்மாவைக் கூட்டிட்டு இன்னைக்கே கிளம்பு."

அந்தப் பக்கம் அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நீ 'சரி தாயி, என் தப்புதான் தாயி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். வைத்ததும் கேட்டேன்.

"நீ எதுக்குலே பழிய ஏத்துக்கிட்ட?"

"அப்பன் மறைச்சான்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளை அங்கன போயி என்னத்தப் பேசும்? அழுதுட்டுல்லா நிக்கும். மாமா மறந்துட்டான்னா கோவத்தோட போகும். கோவத்தோட போனா நல்லாப் பேசும். அப்புறமா நீயே பைய சொல்லு."

கருப்பட்டியை மூக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள் மாற்றி வைத்தாய். என்னை ஒரு வரிசை முன்னால் உட்காரவைத்தாய். அடுத்த மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் நீ என்னோடு பேசவில்லை. நர்மதை வந்தபோதுதான் வாயைத் திறந்தாய்.

"கீழ பாரு. நம்ம ஆத்தவிடப் பெருசு."

"ஆமா."

"ஆனா குளிக்க நம்ம ஆறுதான்லே."

அதோடு மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். உன்னோடு சண்டை போடுவது எனக்கு எப்போதுமே சுலபமாக இருந்தது, ஏனென்றால் அதை முடித்து வைக்கிற வேலையை நீயே பார்த்துவிடுவாய்.

இசக்கி போனாள், நன்றாகவே பேசினாள். ஆனால் கையோடு கொண்டுபோக வேண்டிய மருத்துவச் சான்றிதழை ஒரே நாளில் யார் கொடுப்பார்கள்? அடுத்த வருஷக் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவளெல்லாம் கல்லூரிக்குப் போக, இவள் ஒரு வருஷம் என் கடையில் உட்கார்ந்து ரசீது எழுதினாள். "மாமா ஒரு போன் பண்ணிருந்தா போதும்பா" என்று என்னிடமே சொல்வாள். நான் நாற்காலி எண்ணுகிற மாதிரி பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். அந்த வருஷம் என் கடை நாற்காலிகள் எண்ணப்பட்ட மாதிரி எப்போதும் எண்ணப்பட்டதில்லை.

நீ வீட்டுக்கு வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். நீ கொண்டுவந்த பலகாரத்தைத் தொடமாட்டாள். பயிற்சிக்குப் போன பிறகும், வேலை கிடைத்த பிறகும், கோபம் ஆறி அதுவே ஒரு பழக்கமாகப் போய்விட்டது. அவள் ஊருக்கு வந்து போனது உனக்கு என் மூலமாகத்தான் தெரியும். நீ ஒவ்வொரு தடவையும் புருவத்தை மட்டும் உயர்த்துவாய். நான், "இந்தத் தடவை நேரமில்ல, அடுத்த தடவை சொல்லுதேன்" என்பேன். இது ஒரு நாள் தள்ளினால் இரண்டு நாள் பெரிதாகிற விஷயம் என்று எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆனது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் வந்தேன். ஒன்பதாம் நாள், கண்கூட மஞ்சளாகிவிட்டிருந்தது, அப்போதும் கேட்டாய்.

"சொல்லிட்டியாலே?"

"அவ வரட்டும், நேர்ல சொல்லுதேன்."

"நீ சொல்லுததுக்குள்ள நான் கிளம்பிருவேன் போல" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அவளுக்கு அடுத்த வாரம்தான் விடுப்பு. அடுத்த வாரம் வந்தாள். உவரியில், மணல் காயாத உன் கல்லறை மேட்டுக்கு முன்னால், கடைசி ஆளாக நின்றாள். முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

முந்தாநாள் மத்தியானம். மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தாள். இப்போது அவளும் உன்னுடையதைப் போல இரண்டு இன்ஜின் வைத்த சின்ன விமானம் ஓட்டுகிறாள். வாகைக்குளத்திலிருந்து வடக்கே ஒரு நீண்ட ஓட்டம், அவள்தான் பொறுப்பு, போகிற வழியில் ஹூப்ளியில் இறங்கி எண்ணெய் போட வேண்டும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். ஹூப்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"இசக்கி, அன்னைக்கு மாமா மறக்கல."

"எதைப்பா?"

"உன் இன்டர்வியூ தேதிய."

"அப்ப யாரு மறந்தா?"

"யாரும் மறக்கல."

அவள் கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜ், மாடசாமி, தராசு, இறக்கை நிழல், நீ போனில் சொன்னது. என் வீட்டுக்காரி ரசப் பாத்திரத்தோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எத்தன நாள் வச்சிருந்தீங்க?" என்று இசக்கி கேட்டாள்.

"ஒம்பது நாள்."

"ஒம்பது நாள் இல்லப்பா. எட்டு வருஷம்."

பிறகு, "அவங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு நாள் முன்னாடி சொல்லிருந்தாக்கூட நான் ஓடி வந்திருப்பேனே" என்றாள். அவள் கத்தவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினாள், வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

இன்று காலை நான் வேனைத் துடைத்து வைத்திருந்தேன். எப்போதும் நான்தான் வாகைக்குளத்தில் கொண்டுபோய் விடுவேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். பத்து மணி சுமாருக்குக் கடைக் குடோன் மாடியில் ஏறி நின்றேன். கிழக்கேயிருந்து அவள் விமானம் வந்தது. வெயிலில் ஒரு மினுக்கம், அப்புறம் சத்தம், அப்புறம் வலதுபக்கம் திரும்பிக் கங்கைகொண்டான் பக்கமாகப் போய்விட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பையன்கள், "அண்ணாச்சி, யாருக்குக் கை காட்டுதீய?" என்று கேட்டார்கள். சும்மா, ஈ விரட்டுதேன் என்றேன்.

ஒன்றரை மணிக்கு என் போனில் மெசேஜ் வந்தது. 'இறங்கிட்டேன்.' அவ்வளவுதான். மற்ற நாளென்றால் போன் போட்டு, காற்று எப்படி, மேகம் எப்படி, பக்கத்தில் உட்கார்ந்தவன் எப்படிக் குறட்டை விட்டான் என்று அரை மணி நேரம் பேசுவாள். இன்று அப்பா என்ற சொல்கூட இல்லை.

எனக்கு அந்த மெசேஜ் புதிதில்லை. உன் நாற்பதாம் நாளன்று உன் வீட்டுக்காரி உன் போனைத் திறந்து என் கையில் கொடுத்தாள். "இசக்கி இவுகளோட பேசுதது கிடையாதுன்னுல்லா நெனச்சேன் அண்ணே, இதப் பாருங்க" என்றாள். இசக்கி முதல்முதலாகத் தனியாகப் பறந்த அன்று நீ எழுதியிருந்தாய்: 'சண்டை இருக்கட்டும் தாயி. இறங்கினா மட்டும் ஒரு வார்த்தை போடு.' அவள் போட்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு தடவையும், 'இறங்கிட்டேன்.' அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. ஒவ்வொன்றுக்கும் கீழே நீ ஒரே பதிலைத்தான் போட்டிருந்தாய். ஒன்றுக்குக்கூட அவள் திரும்ப எழுதவில்லை. நீயும் ஒரு நாள்கூடப் போடாமல் விடவில்லை. விரலால் தள்ளத் தள்ள அது முடியவே இல்லை. அந்தக் கோபம் முழுக்க எனக்கு வர வேண்டியது. நீ அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

இப்போது அது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உனக்குத் தெரியும்தானே, எனக்குச் சொந்தமாக ஒன்றும் வராது. அதனால் நீ எழுதினதையே பார்த்து எழுதினேன்.

'நல்லது தாயி. சாப்பிட்டியா?'

இப்போது மணி நாலு. இன்னும் பதில் வரவில்லை.